மண்டகப்படி ஒருவருடையது, திருவிழா ஊருடையது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உலகின் பெரிய பொருளாதாரங்களின் குழுவான ஜி20இன் கூட்டங்களுக்குத் தென்னாப்பிரிக்காவை அழைக்கப்போவதில்லை என்று, 2026இல் அதற்குத் தலைமை வகிக்கும் அமெரிக்கா அறிவித்தது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியை ஒட்டி இதை எழுதுகிறேன். இரண்டு தலைவர்களுக்கு இடையிலான மனத்தாங்கல் என்கிற அளவில் அந்தச் செய்தி முடிந்துவிட்டது. எனக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாகப் படவில்லை.

31 ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், உறுப்பு நாட்டையே கூப்பிட மாட்டேன்னு சொல்ல, தலைமை நாட்டுக்கு அதிகாரம் இருக்கா? எந்த விதியில இருக்கு?"

"இருக்குன்னும் விதி இல்ல, இல்லைன்னும் விதி இல்லம்மா" என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

உண்மை அதுதான். ஜி20க்குச் சாசனம் கிடையாது. நிரந்தரச் செயலகம் கிடையாது. வாக்கெடுப்பும் கிடையாது. 1997இல் தாய்லாந்தில் தொடங்கிய நிதி நெருக்கடி பல நாடுகளை உலுக்கியது. பணக்கார நாடுகள் தங்களுக்குள் மட்டும் பேசிப் பயனில்லை என்று உணர்ந்த, ஏழு பணக்கார நாடுகளின் குழுவான ஜி7இன் நிதியமைச்சர்கள், 1999 செப்டம்பரில் இந்தக் குழுவை அறிவித்தார்கள். டிசம்பரில் பெர்லினில் முதல் கூட்டம். 2008 நவம்பரில் வாஷிங்டனில் முதல்முறையாக அதிபர்களும் பிரதமர்களும் கூடினார்கள். ஆண்டுக்கு ஒரு நாடு டிசம்பர் முதல் தேதி தலைமை ஏற்கும். முந்தைய ஆண்டு நடத்திய நாடு, இந்த ஆண்டு நடத்தும் நாடு, அடுத்த ஆண்டு நடத்தப்போகும் நாடு, இந்த மூன்றும் சேர்ந்து காரியம் பார்ப்பது வழக்கம். இத்தனையும் வெறும் வழக்கத்தில் ஓடுகிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கோயில் திருவிழாவின் மண்டகப்படி முறையைச் சொல்லித்தான் விளக்குவேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மண்டகப்படிதாரர். அன்றைக்குப் பந்தல், மேளம், அலங்காரம், பிரசாதம் எல்லாம் அவர் செலவு, அவர் விருப்பம். ஆனால் திருவிழா அவருடையது அல்ல. "இன்றைக்கு என் முறை, அதனால் அந்தத் தெருக்காரர்கள் வரக்கூடாது" என்று அவர் சொல்ல முடியாது. சொன்ன ஊர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. அங்கெல்லாம் விலக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். அதற்கு ஒரு நீதிமன்றமாவது இருந்தது. தென்னாப்பிரிக்கா எங்கே போய் முறையிடும்?

அதிலும் நேற்றுவரை மண்டகப்படி நடத்தியதே அந்த நாடுதான். 2025 நவம்பர் 22, 23 தேதிகளில் ஜோகன்னஸ்பர்க்கில் மாநாடு நடந்தது. அமெரிக்கா வரவில்லை. அர்ஜென்டினா ஒதுங்கிக்கொண்டாலும், மற்ற நாடுகள் முதல் நாள் தொடக்கத்திலேயே கூட்டறிக்கையை ஏற்றுக்கொண்டன. அடுத்த சில நாட்களில், 2026இல் மயாமியில் நடத்தவிருக்கும் மாநாட்டுக்குத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைப்பு இல்லை என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். வழக்கப்படி பார்த்தால் தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்றும்தான் இந்த ஆண்டு சேர்ந்து நடத்தியிருக்க வேண்டும்.

எனக்கு 2007 ஜூன் மாதம் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் ஹைலிகென்டாமில், ஜி7 நாடுகளும் ரஷ்யாவும் சேர்ந்த ஜி8 குழுவின் மாநாடு. இந்தியா, சீனா, பிரேசில், மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்தையும் விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். செய்தித்தாளைக் கத்தரித்து வகுப்பறையில் ஒட்டியிருந்தேன். பிளஸ் டூ மாணவன் ஒருவன், "எட்டும் அஞ்சும் பதிமூணுதானே, ஏன் ஜி13ன்னு போடல?" என்று கேட்டான். நல்ல கேள்வி. காரணம், எட்டு நாடுகளும் ஜூன் 7ஆம் தேதியே தங்கள் பொருளாதார அறிக்கையை வெளியிட்டுவிட்டன. ஐந்து நாடுகளோடு இனி எப்படிப் பேசுவது என்கிற ஏற்பாடும் அந்த அறிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. ஐவரையும் உட்கார வைத்துப் பேசியது மறுநாள் 8ஆம் தேதி. இலை எடுத்த பிறகு சாப்பிடக் கூப்பிட்ட மாதிரிதான் அது. பிரதமர் மன்மோகன் சிங் குரலை உயர்த்தாமல், ஆனால் தெளிவாக, நாங்கள் மனுக் கொடுக்க வரவில்லை, சம பங்காளிகளாக வந்திருக்கிறோம் என்கிற பொருளில் பேசினார். அன்று எனக்கு அவர்மீது பெரிய மதிப்பு ஏற்பட்டது.

அப்புறம் நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு முழுக்க வீணாகவில்லை. முதலீடு, புதுமையும் அறிவுசார் சொத்தும், ஆப்பிரிக்க வளர்ச்சி, எரிசக்தி என்று நான்கு பொருள்களில் பதின்மூன்று நாட்டு அதிகாரிகளும் இரண்டு ஆண்டுகள் பேசினார்கள். உதவிக்குப் பாரிஸில் ஓர் அலுவலகமும் இருந்தது. ஆனால் அந்த அலுவலகம் இருந்தது, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்புக்குள். அழைக்கப்பட்ட ஐந்தில் மெக்சிகோ மட்டுமே அதில் உறுப்பு நாடு. ஜி20க்கு உடனே நிரந்தரச் செயலகம் வேண்டும் என்று சிலர் சொல்லும்போது நான் தயங்குவது இதனால்தான். அலுவலகம் யார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறதோ, அவர்கள் கைதான் ஓங்கும்.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படம் எடுக்கும் நாளில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், வரைவு எழுதும்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜி20இல் அந்த வேலையைச் செய்பவர்கள் 'ஷெர்பா' எனப்படும் தலைவர்களின் பிரதிநிதிகள். மலையேறுபவருக்கு வழிகாட்டும் இமாலய மக்களின் பெயர் அது. 2023 டெல்லி அறிக்கைக்கு 200 மணி நேரத்துக்கும் மேல் பேச்சு நடந்தது, 15 வரைவுகள் எழுதப்பட்டன என்று அன்றைய நம் ஷெர்பா அமிதாப் காந்த் சொன்னார். அந்த ஆண்டு 60 நகரங்களில் 200க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. கல்விப் பணிக்குழுவின் முதல் கூட்டம் சென்னையில்தான். ஆப்பிரிக்க ஒன்றியம் உறுப்பினர் ஆனதும் டெல்லி மாநாட்டில்தான். 2022 முதல் 2025 வரை இந்தோனேசியா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று தொடர்ந்து நான்கு வளரும் நாடுகள் தலைமை வகித்தன. இந்த நான்கில் இந்தோனேசியா தவிர மற்ற மூன்றும் ஹைலிகென்டாமில் வாசலில் காத்திருந்த ஐந்தைச் சேர்ந்தவை.

இப்போது வரைவு எழுதும் அறையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் இதைச் சகித்துக்கொண்டால் நாளைக்கு எந்த நாற்காலியையும் எடுக்கலாம். இந்தியாவுடையதையும்தான். இரண்டு பக்கத்தில் ஒரு விதி எழுதினால் போதும்: உறுப்பினர் யார், அவரை நீக்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும், தலைமை ஏற்பவரின் அதிகாரம் எதுவரை. இதைக் கேட்க இந்தியாவுக்கு முழுத் தகுதி உண்டு. 2007இல் அந்த அவமதிப்பைத் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து அனுபவித்த நாடு நம்முடையது. டெல்லி இதுபற்றி உரக்கப் பேச வேண்டும் என்று உங்கள் தலையங்கம் கேட்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். மாநாட்டு விருந்தில் பரிமாறியதைப் பற்றி 2023இல் அரைப் பக்கம் எழுதினீர்கள். ஷெர்பாக்களின் கூட்டங்களுக்கும் பணிக்குழுக் கூட்டங்களுக்கும் மாதம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அதைக் கத்தரித்து நூலகப் பலகையில் ஒட்ட நான் இருக்கிறேன். பேனாவை மூடி வைத்த அந்தப் பெண்ணும் அடுத்த ஞாயிறு வருவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியை,
தென்காசி