வளைவு வேண்டாம், வழி சொல்லுங்கள்: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் அனைத்து மாவட்ட ஆட்சியர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு யாரும் வழி கேட்பதில்லை. கேட்க வேண்டியிருப்பது சின்ன இடங்களுக்குத்தான். நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814இல் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரம் எழுப்பிய மனோரா கோபுரம், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் மரமே கல்லாகிப்போய் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு, சுமைதாங்கிக் கற்கள், கண்மாய்ப் பறவைகள் என்று அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய இடங்கள் எந்த மாவட்டத்திலும் உண்டு. இவற்றுக்கு நிதி வந்தால் முதலில் எழுவது நுழைவு வளைவு. அடுத்தது நீரூற்று, அதற்கடுத்தது ஊர்ப்பெயரோடு செல்ஃபி மேடை. போகிறவருக்கு வேண்டியதோ நான்கே தகவல்: எங்கே திரும்புவது, இன்று திறந்திருக்குமா, சாவி யாரிடம், உள்ளே எதைப் பார்ப்பது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறோம்? நினைவு இல்லங்கள் செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம். கோட்டைகளில் சில இந்தியத் தொல்லியல் துறையிடம், சில மாநிலத் தொல்லியல் துறையிடம். கல்மரப் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம், பறவைகள் வனத்துறையிடம், அவை இறங்கும் தண்ணீர் நீர்வளத் துறையிடம், அங்கே போகும் சாலை வேறொருவரிடம். இவர்கள் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் மாவட்டத்தில் நீங்கள் ஒருவர்தான்.

முதலில் சாலைப் பலகை. 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. திருப்பத்துக்குப் பத்து மீட்டர் முன்னால் பலகை வைத்தால் ஓட்டுநருக்குக் கிடைப்பது அரை நொடி. அதற்குள் படித்து, யோசித்து, பிரேக் போட்டால் பின்னால் வரும் லாரி இடிக்கும். 300 மீட்டர் முன்னால் ஒன்று, திருப்பத்திலேயே ஒன்று என இரண்டு பலகை வேண்டும். எழுத்து ஒரு செ.மீ. உயரத்துக்கு நாலைந்து மீட்டர் தூரத்திலிருந்துதான் தெளியும் என்பது பொதுக் கணக்கு. 60 மீட்டருக்கு அப்பால் படிக்க வேண்டுமென்றால் எழுத்து 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தமிழில் சுழிகளும் கொம்புகளும் நெருக்கமாக வருவதால் இன்னும் கொஞ்சம் கூட்டுவது நல்லது. நடுத்தடுப்பு உள்ள நால்வழிச் சாலையில் இடம் எதிர்ப்பக்கம் இருந்தால், வண்டி திருப்பக்கூடிய இடைவெளி எத்தனை கி.மீ. தள்ளி என்பதையும் எழுதுங்கள். அது தெரியாதவர்கள்தான் எதிர்த்திசையில் வண்டியை விடுகிறார்கள். புறவழிச்சாலை வந்த ஊர்களில் பழைய பலகை ஊருக்குள்ளேயே நின்றுபோய்விட்டது. அதைப் பிரிவுச் சாலைக்கு இடம் மாற்றச் செலவும் அதிகம் ஆகாது.

எழுத்தறியாதவருக்கும் தூரம் சொல்லத் தெரிந்த நாடு இது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று எழுத்தில் வெட்டி, இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. இன்றைய பலகையில் ஓர் அம்புக்குறியாவது சரியான பக்கம் காட்டட்டும்.

அடுத்தது கைபேசி வரைபடம். இப்போது முக்கால்வாசிப் பேர் அதை நம்பித்தான் கிளம்புகிறார்கள். கல்மரம் பார்க்கப் புறப்பட்டவர் வெறுமனே சாத்தனூர் என்று தட்டினால் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்குப் போய் நிற்கலாம். எந்த அறிவிப்பிலும் ஊர்ப்பெயரோடு வட்டமும் மாவட்டமும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். இன்னொரு கோளாறு, குறியை இடத்தின் நட்டநடுவில் குத்துவது. கூந்தன்குளம் போல 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட சரணாலயத்தில் நடுப்புள்ளி தண்ணீருக்குள் விழும். வரைபடம் அதற்கு அருகிலுள்ள ஏதோ ஒரு மண் தடத்தைப் பிடித்து, பார்வைக் கோபுரம் இல்லாத கரையில் கொண்டுபோய் விட்டுவிடும். குறி வாசலில் இருக்க வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்துக்குத் தனிக் குறி வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எடுத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் சரியாக இருக்கும். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். கிராம நிர்வாக அலுவலர் வாசலில் நின்று கைபேசியில் எடுத்து அனுப்பினால் முடிந்த வேலை.

திறக்கும் நேரம் இன்னும் பெரிய குழப்பம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு இடங்களில் வேறு கிழமை. மதிய உணவுக்குப் பூட்டும் இடங்கள் அதைப் பலகையில் சொல்வதே இல்லை. இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் மறுபடி வரமாட்டார். வார விடுமுறை, மதிய இடைவேளை, கடைசி நுழைவு நேரம், சாவி இருக்கும் அலுவலகத்தின் எண் ஆகியவை கதவில் இருக்க வேண்டும். காவலரின் சொந்தக் கைபேசி எண்ணை எழுதாதீர்கள். அவர் மாற்றலாகிப் போன பின்னும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கழிப்பறையைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. கட்டடம் பெரும்பாலும் இருக்கிறது, தண்ணீரும் சாவியும்தான் இல்லை. பெண்களும் முதியவர்களும் சின்ன இடங்களைத் தவிர்ப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இடத்தில் வைக்கும் விளக்கப் பலகைக்கு வருவோம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் நீலப் பலகை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சிறைத் தண்டனையையும் சொல்லும். கட்டியவர் யார் என்று சொல்லாது. அது இருக்கட்டும், பக்கத்தில் இன்னொன்று வையுங்கள். எண்பது சொல் போதும். என்ன, எப்போது, யார் கட்டியது, எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம், அதுதான் எங்கும் இருப்பதில்லை. சித்தன்னவாசலில் ஓவியமுள்ள அறிவர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். அதே குன்றில் படியேறிப் போனால் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காக வழவழப்பாக்கிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன. வெறும் பாறை, நிழல் கிடையாது. காலை பத்து மணிக்குள் ஏறுங்கள் என்று ஒரு வரி இருந்தால் நடுமதியத்தில் குழந்தையோடு ஏறித் தவிக்கும் குடும்பங்கள் குறையும். திருவக்கரை கல்மரப் பூங்காவில் வேண்டிய வரி வேறு: ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழைமையான மரம் இது, விரலளவு துண்டைக்கூட எடுத்துப் போகாதீர்கள்.

பலகைக்கு ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் சிவப்பு முதலில் வெளுக்கும், பிறகு துணி விரிசல் விட்டுக் காற்றில் கிழியும். கருங்கல்லில் வெட்டுங்கள், அல்லது எனாமல் பூசிய இரும்புத் தகட்டில் எழுதுங்கள். மெருகேற்றிய எஃகில் வெயில் பட்டால் எதிரொளியில் ஒன்றும் படிக்க முடியாது.

வீடுகளுக்கு வேறு கவனம் வேண்டும். உ.வே.சா. வாழ்ந்த திருவல்லிக்கேணி வீடு 2012இல் இடிக்கப்பட்டது. அது யாருடைய வீடு என்று தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் காப்பாற்ற முடியவில்லை. இராமானுஜன் வீட்டை ஒரு பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரிக்கிறது. எல்லா வீட்டுக்கும் அந்த யோகம் வாய்க்காது. செட்டிநாட்டில் பல வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். பூட்டிக் கிடக்கும், கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும்தான் திறக்கும். உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் எந்த வீட்டையும் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சம்மதம் கிடைத்தால் எதுவரை போகலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். முகப்பும் வளவும் (உள்முற்றம்) பார்க்கலாம், இரண்டாம் கட்டுக்கு மேல் கூடாது என்று தெளிவாக இருந்தால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை. ஊர்க் காவல் தெய்வக் கோயில்களுக்கும் இதே நியாயம்தான். குளமங்கலத்து அய்யனார் குதிரை முப்பதடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. படம் எடுக்க ஆசை வரும். எங்கே செருப்பைக் கழற்றுவது, எதைப் படம் எடுக்கக் கூடாது என்ற வரிகளை ஊர்க்காரர்கள் எழுதட்டும், சுற்றுலாத் துறை அச்சிடட்டும்.

இயற்கை இடங்களில் மக்கள் ஏமாறுவது ஒரே காரணத்தால். பலகையில் எல்லாப் பறவையும் இருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்காது. வேடந்தாங்கலுக்கும் வேட்டங்குடிக்கும் நவம்பர் முதல் பருவம் என்று அச்சிடுகிறோம். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்தப் பருவமே இல்லை. வாரம் ஒருமுறை நீர்மட்டம், பறவை இருக்கிறதா இல்லையா என்று இரண்டு வரியை மாவட்ட இணையதளத்தில் போட்டால் போதும். வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே போய் ஹார்ன் அடிக்காதீர்கள் என்று சாலையில் எழுதவாவது செய்யலாமே. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் தார்ச்சாலையும் விளக்குக் கம்பமும் கூடக்கூட, அங்கே பார்க்கப் போகும் வல்லூறும் ராஜாளியும் குறையும். அங்கே எதையும் கட்டாமல் இருப்பதே பெரிய பணி.

கடைசியாக, உடனே கவனிக்க வேண்டியது சாலையோரக் கற்கள். சுமைதாங்கி என்பது இரண்டு கல் நட்டு மேலே ஒன்று கிடத்தியது. தலைச்சுமைக்காரர் ஆள் துணையில்லாமல் பாரத்தை இறக்கும் உயரம். கருவுற்றிருந்தபோது இறந்த பெண்களின் நினைவாக வைத்தவை பல. மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சிக் கல், நடுகல், பழைய மைல்கல் எல்லாம் இதே வரிசை. சாலை அகலப்படுத்தும்போது ஜேசிபி இவற்றை ஜல்லியோடு ஜல்லியாகத் தள்ளிவிடும். தப்பித்ததற்கு மஞ்சளும் வெள்ளையும் அடித்துவிடுவார்கள்; பெயின்ட் எழுத்துப் பள்ளத்தில் இறுகி கல்வெட்டு மறைந்துபோகும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் பெயின்ட்டோடு எழுத்தும் போகும்.

ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே சாலையின் இரு ஓரமும் நடந்து பார்த்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண், படம், இருப்பிடக் குறி எடுக்கச் சொல்லுங்கள். எழுத்து இருந்தால் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுக்க வேண்டும். வெயில் இல்லையென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்து எழுந்துவரும். சுண்ணக்கட்டி தேய்க்கக் கூடாது. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் புதிய சாலையின் ஓரத்துக்கே, அதே ஊர் எல்லைக்குள் நகர்த்துங்கள். அகற்றும் செலவையும் மறுபடி நடும் செலவையும் மதிப்பீட்டிலேயே தனி இனமாகச் சேர்த்துவிட்டால் ஒப்பந்தக்காரர் தட்டிக்கழிக்க முடியாது.

பலகைகள் வைத்து முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து, அந்த ஊரையே அறியாத ஓர் ஓட்டுநரை அனுப்புங்கள். கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் அவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் பலகைக்காரருக்கு மீதித் தொகையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சின்ன இடங்களைத் தேடிப் போகும் சிலர்