தடைக்காலத்து ஞாயிறும் மூவொரு இறைவனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுளை, அதாவது மூவொரு இறைவனைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் ஆழப் படித்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால், "இது மனித அறிவுக்கு எட்டாத மறைபொருள், சாதாரண விசுவாசிகள் நம்பினால் போதும்" என்ற கருத்தோடு அவர் முடித்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எட்டாத மறைபொருள் என்பது சரிதான். நம்பினால் போதும் என்று விட்டுவிட்டால், ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

எங்கள் கரை அப்படிப்பட்டது. ராமேஸ்வரம் கோயிலும் ஏர்வாடி தர்காவும் ஓரியூர் அருளானந்தர் திருத்தலமும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டுச் சாப்பாடு எங்கள் வீட்டுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் முஸ்லிம் வீட்டு அக்கா, "ஏம்மா, உங்களுக்கு மூணு கடவுளா?" என்று கேட்பார். இந்து வீட்டுப் பிள்ளைகள், "எங்க மும்மூர்த்தி மாதிரியா டீச்சர்?" என்பார்கள். குத்திப் பேச யாரும் கேட்பதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். மறைபொருள் என்று ஒற்றைச் சொல்லில் வாயை மூடிக்கொள்வது அவர்களுக்கு மரியாதை இல்லை.

நான் சொல்லும் பதில் இதுதான். கடவுள் ஒருவரே. அதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த ஒரே கடவுள் தனியாக இருந்துவிட்டு, உலகத்தைப் படைத்த பிறகுதான் அன்பு செய்யப் பழகினார் என்று நாங்கள் நம்பவில்லை. தந்தை, மகன், தூய ஆவி என்று எப்போதுமே அன்பாகவே இருக்கிறார். ஆளுக்கொரு இலாகாவாகப் பிரித்துக்கொண்ட மூன்று பேர் இல்லை அவர்கள். படைப்பதும் மீட்பதும் புனிதமாக்குவதும் மூவரும் சேர்ந்தே செய்வது என்று புனித அகுஸ்தினார் 1600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். இதைக் கேட்டு அந்த அக்கா ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நானும் எதிர்பார்ப்பதில்லை. மூன்று சாமி கும்பிடுகிறவர்கள் என்ற எண்ணம் மட்டும் போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். அங்கே வேறு ஒரு சிக்கல். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணத்தை எல்லாப் பிள்ளைகளும் எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மறையுரையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். ஒரே கடவுள் மூன்று வேஷம் போடுகிறார் என்றுதான் இது கொண்டுபோய் விடும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் பெயரால் அறியப்பட்ட அந்தப் போதனையைத் திருச்சபை அப்போதே மறுத்துவிட்டது. நான் பிள்ளைகளை, இயேசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றுக்குத்தான் கூட்டிப்போவேன். மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியார் புறாவைப் போல இறங்குகிறார், தந்தையின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். ஒருவர் மூன்று வேஷம் போடுவதாக இருந்தால் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை.

ஒருமுறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "அப்பான்னா அவர்தானே டீச்சர் பெரியவர்? எங்க வீட்ல அப்பா சொன்னா அதுதான்." வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டதுதான் நான்காம் நூற்றாண்டில் திருச்சபையையே இரண்டாக்கிய கேள்வி. அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ், மகன் தந்தையால் படைக்கப்பட்டவர், ஆகவே குறைந்தவர் என்றார். அதை விசாரிக்கத்தான் இன்றைய துருக்கியில் உள்ள நிக்கேயாவில் 325-ஆம் ஆண்டு ஆயர்கள் கூடினார்கள். "ஒளியினின்று ஒளியாக" என்று பூசையில் நாம் சொல்லும் வரி அங்கே பிறந்தது. தந்தையாக இருப்பது மகனைவிட மேலாக இருப்பது ஆகாது என்று அந்த ஆயர்கள் அறிக்கையிட்டார்கள். 2025-இல் அதற்கு 1700 ஆண்டு நிறைந்தது. அந்த அறிக்கைக்கும் நம் வீட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை எத்தனை கோயில்களில் பேசினார்கள்?

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. கடவுளுக்குள்ளேயே பெரியவர் சின்னவர் இல்லை என்று அறிக்கையிடும் நாம், கரையில் இறங்கியதும் எல்லாவற்றையும் மேல் கீழாகவே பார்க்கிறோம். விசைப்படகில் டீசல், ஐஸ் செலவு போகக் கணக்குப் பார்க்கும்போது, கூடப் போன கூலியாள் தன் கணக்கைக் கேட்டால் படகுக்காரரான சம்மாட்டிக்கு முகம் மாறுகிறது. மீன் படாத நாளின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதும் கரையில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிற பெண்கள், விரல்களில் பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு போவார்கள். பல வீடுகளில் செலவுக்குப் பணம் அந்தக் கையால்தான் வரும். ஊர்க்கூட்டத்தில் அதே பெண் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். தந்தை தமக்குள்ளதை எல்லாம் மகனுக்குக் கொடுக்கிறார், கொடுத்ததால் அவருக்கு எதுவும் குறைவதில்லை என்று சாயங்காலம் ஜெபம் சொல்லிவிட்டு, காலையில் பங்கைக் குறைத்துக் கொடுக்க எப்படி மனம் வருகிறது? எங்கள் ஊர்க் கோயிலில் நான் கேட்க விரும்பும் மறையுரை இதைப் பற்றியதுதான். மூவொரு இறைவன் குழப்பமான போதனை என்று ஒதுக்கப்பட்டதால் எங்களுக்கு நட்டமானது, மூன்று எப்படி ஒன்றாகும் என்ற கணக்குப் பாடம் அல்ல, இந்த நியாயம்.

சிலுவை அடையாளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறை என்ற எங்கள் தென்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசியம் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். 1544 ஜனவரியில் ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் அதை அவரே விவரிக்கிறார். அதில் முதலில் இருப்பது, மூன்று ஆட்கள், ஒரே கடவுள் என்று அறிக்கையிடும் சிலுவை அடையாளம். நம்பிக்கை அறிக்கையும் கட்டளைகளும் அப்புறம்தான் வருகின்றன. கடலோடிகளுக்கு இது புரியாது என்று அவர் தள்ளிவைக்கவில்லை. அவர் இந்தக் கரைக்குப் பொறுப்பாக வைத்த அந்தோணி கிரிமினாலி அடிகளார், 1549-இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் படைகள் வந்தபோது, பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றி அனுப்புவதில் கரையிலேயே நின்று உயிரை விட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர். எங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

ஜெபத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டது என்ற செய்தி வரும்போது கரை எப்படி இருக்கும் என்பது உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. முதலில் போன் வரும், யார் யார் படகு என்று தெரியாது. பெயர்ப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வருவதற்குள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம், கணவர் பிடிபட்ட ஒரு தங்கச்சி வீட்டில் செபமாலை சொல்ல உட்கார்ந்தோம். "பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கியவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. தந்தை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். கைக்குழந்தை மடியில். நாங்கள் தொடர்ந்தோம். செபமாலை மணிகளில் ஒவ்வொரு பத்தும் முடிந்து, "தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும்" என்று வரும்போது மட்டும் அவள் உதடு அசைந்தது.

எப்படி ஜெபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது, சொல்லில் அடங்காத பெருமூச்சுகளாலே ஆவியார் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று உரோமையர் திருமுகம் எட்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். அன்று அந்த வீட்டில் அதைப் பார்த்தேன். அவள் ஜெபிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் பெருமூச்சுக்குள் இருந்து ஆவியார் வேண்டினார். கைதாவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் இரத்த வியர்வை சிந்தி "அப்பா" என்று கூப்பிட்ட மகன் இயேசு அவள் பக்கத்தில் இருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் தந்தை. நாம் கடவுளை நோக்கிப் பேசுவதற்கு முன்பே கடவுள் நமக்குள் இருந்து பேசத் தொடங்கிவிடுகிறார். மூவொரு இறைவன் என்ற போதனை இல்லாமல் அந்தத் தங்கச்சிக்கு நான் என்ன ஆறுதலைச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரண்டு நாட்டு மீனவர்களும் ஒரே பூசையில், ஒரே தமிழில், தந்தை மகன் தூய ஆவியாரின் பெயரால் என்று நெற்றியில் கை வைக்கிறோம். ஆனால் அந்தப் பக்கத்து மீனவருடைய வலையை அறுத்துக்கொண்டு போவது, எங்கள் பக்கத்து விசைப்படகுகள் இழுத்துப்போகும் இழுவை மடி வலைதான். கைதாகும் எங்கள் ஆட்களுக்காக நான் அழுவேன், அரசிடம் கேட்பேன். அதே மூச்சில், யாழ்ப்பாணத்துக் கரையில் வலை இழந்த குடும்பத்தையும் நினைக்க வேண்டும் என்றுதான் அந்தப் பெயர் என்னைக் கேட்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூவொரு கடவுள் பெருவிழா, தூய ஆவியார் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு வருகிறது. நாட்காட்டியைப் பார்த்தால், அது மே 17-க்கும் ஜூன் 20-க்கும் இடையில்தான் விழும். எங்கள் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2025-இல் தடை முடிந்த மறுநாளே பெருவிழா வந்தது. மற்றபடி பெரும்பாலான ஆண்டுகளில் தடைக்காலத்துக்குள்ளேயே வந்துவிடும். மற்ற மாதங்களில் கடலே கதி என்று இருக்கும் விசைப்படகு ஆட்கள், சம்மாட்டியும் கூலியாளும் சேர்ந்து, கோயிலில் உட்கார்ந்திருக்கும் ஞாயிறு அது. வலையைச் சீர்செய்துகொண்டு, அடுத்த பருவத்துக்கு யார் யார் படகில் போவது, என்ன பங்கு என்று பேசி முடிவு செய்கிற காலமும் அதுதான்.

ஆகவே அந்த ஞாயிறுக்கு முந்தைய இதழில் இரண்டு பக்கம் இதற்காக ஒதுக்குங்கள். இறையியல் படித்த குரு ஒருவர் நிக்கேயாவைப் பற்றி எளிய தமிழில் எழுதட்டும். பக்கத்திலேயே, பாசி எடுக்கும் பெண் ஒருவரும், படகில் கூலிக்குப் போகும் ஒருவரும், சம்மாட்டி ஒருவரும் பங்கைப் பற்றித் தங்கள் மனதில் உள்ளதைச் சொல்லட்டும். எழுத வராதவர்கள் சொன்னால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். இதழ் வந்ததும் எங்கள் பங்குக் கோயிலில் பூசை முடிந்து வாசித்துக் காட்ட, பங்குத்தந்தையிடம் நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
தங்கச்சிமடம்.