அலுமினியத்தை எங்கே எண்ணுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பகுதியில் வந்த சிலிக்கேட் கனிமங்கள் கட்டுரையின் அட்டவணையில், நம் மியான்மரின் கச்சின் மாநிலத்தில் கிடைக்கும் ஜேட் ரத்தினக் கல்லான ஜேடைட்டை குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பாரோடு சேர்த்துச் சட்டகச் சிலிக்கேட் என்று போட்டிருக்கிறீர்கள். அது ஒற்றைச் சங்கிலிச் சிலிக்கேட். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள். திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

பிசகு எங்கே நேர்ந்தது என்பது வேதி வாய்பாட்டைப் பார்த்தாலே புரிகிறது. சிலிக்கேட் எதுவானாலும் அடிப்படை அலகு ஒன்றுதான்: நடுவில் சிலிக்கன், நான்கு மூலையிலும் ஆக்சிஜன். நான்முகி எனப்படும் இந்த அலகுகள் எத்தனை மூலைகளைப் பக்கத்து நான்முகியோடு பகிர்கின்றன என்பதை வைத்தே வகை பிரிக்கிறோம். பகிர்வே இல்லாவிட்டால் சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் விகிதம் 1:4. நம் ரத்தினச் சுரங்க ஊரான மோகோக்கில் கிடைக்கும் பெரிடாட், சிர்க்கான் இந்த வகை. இரண்டிரண்டாகச் சேர்ந்தால் 2:7. ஒவ்வொன்றும் இரண்டு மூலைகளைப் பகிர்ந்தால் 1:3, ஒற்றைச் சங்கிலி இந்த வகை. இரட்டைச் சங்கிலி 4:11, மைக்கா போன்ற தகடு 2:5, நான்கு மூலையும் பகிர்ந்த சட்டகம் 1:2.

சிக்கல் அலுமினியத்தால் வருகிறது. ஆல்பைட் ஃபெல்ஸ்பாரில் சோடியம் 1, அலுமினியம் 1, சிலிக்கன் 3, ஆக்சிஜன் 8. இங்கே அலுமினியம் சிலிக்கனின் இடத்திலேயே, நான்முகிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே சேர்த்து எண்ண வேண்டும், 4:8, சட்டகம். ஜேடைட்டில் சோடியம் 1, அலுமினியம் 1, சிலிக்கன் 2, ஆக்சிஜன் 6. அதே பழக்கத்தில் சேர்த்து எண்ணினால் 3:6 வரும், சட்டகம் போலத் தோன்றும். ஆனால் ஜேடைட்டின் அலுமினியம் நான்முகிக்கு வெளியே, சங்கிலிகளுக்கு நடுவே, ஆறு ஆக்சிஜன் சூழ நிற்கிறது. அதை விட்டுவிட்டால் 2:6, அதாவது 1:3. வாய்பாடு மட்டும் இதைச் சொல்லாது. ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, துப்புக் கொடுக்கும்: ஆல்பைட் 2.62, ஜேடைட் சுமார் 3.33. பூமிக்கடியில் அழுத்தம் மிகும்போது ஆல்பைட் உடைந்து ஜேடைட்டும் குவார்ட்ஸுமாகிறது. அலுமினியம் நான்கிலிருந்து ஆறு ஆக்சிஜனுக்கு மாறி, அணுக்கள் நெருங்குகின்றன.

1:3 என்றாலே சங்கிலி என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. மரகதமும் 1:3தான், ஆனால் ஆறு நான்முகிகள் கொண்ட வளையம்.

'ரத்தினங்கள் பெரும்பாலும் சிலிக்கேட்டுகளே' என்ற வரியையும் எடுத்துவிடலாம். நவரத்தினத்தையே பாருங்கள். மாணிக்கமும் நீலமும் அலுமினியம் ஆக்சைடு, வைரம் கார்பன், முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட், கிரைசோபெரில் வைடூரியம் பெரிலியம் அலுமினியம் ஆக்சைடு. மிஞ்சுவது மரகதமும் கார்னெட் வகைக் கோமேதகமும். புஷ்பராகம் டோபாஸாக இருந்தால் சிலிக்கேட், மஞ்சள் சஃபையராக இருந்தால் இல்லை.

ஜேட் என்பது ஒரே கனிமமும் அன்று. இரட்டைச் சங்கிலியான நெஃப்ரைட்டும் அந்தப் பெயரில்தான் விலைபோகிறது. இரண்டும் வேறு என்று 1863-இல் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் டாமூர். கண்ணால் பிரிப்பது கடினம், தராசால் பிரிக்கலாம். கல்லை உலர்ந்த நிலையில் எடைபோட்டு, பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ, அந்த அளவால் முதல் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி வரும். 50 கிராம் ஜேடைட் தண்ணீரில் 35 கிராம் காட்டும்; நெஃப்ரைட் ஏறக்குறைய 33, சாயமேற்றிய குவார்ட்ஸ் 31. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தண்ணீருக்குள் எடை குறைந்து, ஜேடைட்கூட நெஃப்ரைட் பக்கம் சாயும். ஒரு சொட்டு சோப்புநீர் கலந்தால் குமிழி விலகிவிடும். பாத்திரத்தின் சுவரில் கல் இடித்தாலும் கணக்குக் கெடும். மோதிரத்தில் பதித்த கல்லுக்கு இந்த முறை ஆகாது.

அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய ஜேடைட்டையும் இந்தத் தராசு காட்டிக்கொடுக்காது, எடை வித்தியாசம் அவ்வளவு சிறிது. அதற்கு அகச்சிவப்பு நிறமாலை பார்க்கிற ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மண்டலே