விதை அட்டையில் மாவுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மாவில் பெகு வட்டாரத்தில் நெல்லும் உளுந்தும் பயிரிடும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. உளுந்து விலையைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். உளுந்தின் தரத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

கார்த்திகையில் நெல் அறுத்ததும், வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே உளுந்தை விதைத்துவிடுவோம். தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. வளர்ந்த செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்; காற்றிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் அங்கே பிடித்துக் கொடுக்கின்றன. அதனால் உரச் செலவும் குறைவு. மண்ணுக்கு இவ்வளவு நல்ல பயிரின் விதையை விற்க வருபவர்களோ, ஏக்கருக்கு எத்தனை கூடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆட்டினால் மாவு காணுமா என்று கேட்டால் பதில் இல்லை.

இட்லி மாவைப் பொங்கச் செய்வது லியூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர் என்று 1965-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அது விடும் காற்றை வெளியேறாமல் பிடித்துவைப்பவை உளுந்தின் புரதமும் கொழகொழப்பும்தான். இத்தனை ஆண்டுகளாகியும் இந்த அறிவு எங்கள் வயலுக்கு வந்து சேரவில்லை.

அதைவிட என்னை வருத்துவது சேமிப்பு. இங்கே வைகாசியில் பிடிக்கும் மழை ஐப்பசிவரை விடாது. தகரக் கூரையின் கீழ் மூட்டைகள் புழுங்குகின்றன. வண்டு துளைத்ததைப் புடைத்து எடுத்துவிடலாம். வெக்கையும் ஈரமும் சேர்ந்து பயறை உள்ளுக்குள் இறுக்கிவிட்டால் என்ன செய்வது? எவ்வளவு விறகு எரித்தாலும் சீக்கிரம் வேகாது. ஆவணியில் பழைய உளுந்தை ஆட்டிப் பார்த்தால், மாசியில் கண்டதில் பாதி மாவுகூடக் காணாது. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தபோது, விலைபோகாத மூட்டைகள் எங்களோடுதான் மழைக்காலத்தைக் கழித்தன. வயலில் தண்ணீரும் உரமும் மிச்சப்படுத்தி விளைவித்ததைக் கிடங்கில் இழக்கிறோம்.

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இங்கே யெசினில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. பர்மா உளுந்தைச் சாப்பிடுவது பெரும்பாலும் இந்தியாதான் என்பதால், மூவரும் ஒன்றாக உட்கார வேண்டிய ஆய்வு இது. ஒவ்வொரு இரகத்தின் விதை அட்டையிலும் ஏக்கர் விளைச்சலுக்குப் பக்கத்திலேயே மாவு காணும் அளவும், மழைக்காலம் தாண்டிய பிறகு வேகும் நேரமும் அச்சாக வேண்டும். சோதிப்பதற்கு எங்கள் வயல் உளுந்தைத் தரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உளுந்து பயிரிடும் வாசகி,
பெகு, பர்மா