தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே திரும்ப விளையாட விடாதீர்கள்

திருகோணமலை மாவட்டப் பாடசாலை அதிபர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், உதைபந்தாட்டக் கழகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கேட்பது ஒன்றுதான். விளையாட்டில் தலையில் அடிபட்ட பிள்ளை அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு விதி வையுங்கள். எத்தனை கோல் பின்னால் நின்றாலும் சரி, இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. பிள்ளையே "எனக்கு ஒன்றுமில்லை சேர்" என்று கெஞ்சினாலும் அந்த விதி மாறக் கூடாது.

காரணத்தைச் சொல்ல, நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஐஸ் ஹொக்கியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. என் அக்கா குடும்பம் கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் இருக்கிறது. அவவின் மகன் சின்ன வயதிலிருந்தே ஐஸ் ஹொக்கி ஆடுகிறான். அவனோடு பேசிப் பேசி எனக்கும் அந்த ஆட்டத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடிகாலை ஐந்தரைக்கு வரும். வீட்டில் எல்லோரும் எழும்ப முதல் போனில் பார்த்துவிடுவேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வீரர் ஒரு தடவையில் முக்கால் நிமிடம் அளவில்தான் களத்தில் நிற்பார். அதற்குள் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, மூச்சு வாங்க வாங்க வெளியே வந்து வாங்கில் இருப்பார். அடுத்தவர் இறங்குவார். சுற்றிவர மதில் போலப் பலகை. பந்துக்குப் பதிலாகக் கையில் அடங்கும் கறுப்பு ரப்பர் வட்டு. அந்த வட்டை வைத்திருப்பவரைத் தோளால் இடித்துச் சாய்க்க விதியே அனுமதிக்கிறது. என்.எச்.எல். என்கிற பெரிய தொழில்முறைப் போட்டியில் ஒரு பருவத்துக்கு இப்படி எண்பதுக்கு மேல் ஆட்டம். அதற்குப் பிறகுதான் ஸ்டான்லி கிண்ணத்துக்கான சுற்றுகள்.

அந்த உலகத்தில் எரிக் லின்ட்ரோஸ் என்றொருவர் இருந்தார். ஒன்ராறியோ மாகாணத்துப் பெடியன். ஆறடி நாலங்குல உயரம், அந்த உடம்புக்கு நம்ப முடியாத வேகம். 1991 இல் இளம் வீரர்களைத் தெரிவு செய்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 1992 இல் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணி அவரை வாங்குவதற்காகப் பல வீரர்களையும் ஒன்றரைக் கோடி டொலரையும் கொடுத்தது. 1995 இல் அந்தப் பருவத்தின் பெறுமதி மிக்க வீரர் என்ற விருது. அணித் தலைவர். வயது 22. அடுத்த பத்துப் பதினைந்து வருடம் இந்த ஆட்டம் இவருடையதுதான் என்று எல்லாரும் எழுதினார்கள்.

அவருடைய தம்பி பிரெட்டும் என்.எச்.எல். வீரர். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கியதால் 1996 இல், வெறும் 20 வயதில், விளையாட்டை விட வேண்டி வந்தது. அப்படிப் பார்த்தால் எச்சரிக்கை அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

1998 இல் தொடங்கி அண்ணனுக்கும் அதே வந்தது. ஒரு இடி, ஓய்வு, திரும்ப ஆட்டம், திரும்ப இடி. 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு ஆட்டத்தில் அடிபட்ட பிறகும் தலையிடியோடு சில ஆட்டங்கள் ஆடினார். பிறகு வெளியே ஒரு நிபுணரிடம் காட்டியபோதுதான் அது கன்கஷன் என்று தெரிந்தது. மண்டைக்குள்ளே மூளை குலுங்கி, கொஞ்ச நாளுக்கு அதன் வேலை குழம்பிப்போகிற நிலைதான் அது. அணியின் மருத்துவப் பக்கம் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதற்குக் கிடைத்தது, தலைவர் பதவி பறிப்பு. இதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. "எனக்குத் தலை சரியில்லை" என்று சொன்ன மனிதனை அவமானப்படுத்தினால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மற்ற வீரர்கள் வாய் திறப்பார்களா?

அதே வருடம் மே 26, அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். காயத்திலிருந்து திரும்பி அவருக்கு அது இரண்டாவது ஆட்டம்தான். தலையைக் குனிந்தபடி வட்டைக் கொண்டு நடுக்களத்தைக் கடந்து வந்தார். நியூ ஜெர்சி அணியின் ஸ்கொட் ஸ்டீவன்ஸ் தோளால் இடித்தார். லின்ட்ரோஸ் விழுந்து அப்படியே கிடந்தார். அன்றைய விதிப்படி அதில் தவறில்லை. அடுத்த பருவம் முழுக்க அவர் ஆடவேயில்லை. பிறகு நியூயோர்க், ரொறன்ரோ, டலஸ் என்று வேறு அணிகளுக்கு ஆடினார். நல்ல ஆட்டங்களும் இருந்தன, பழைய லின்ட்ரோஸ் மட்டும் திரும்பி வரவில்லை. 2007 இல் ஓய்வு பெற்றபோது வயது 34. 760 ஆட்டங்களில் 865 புள்ளிகள் (அடித்த கோலும், மற்றவர் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) என்பது சின்ன விஷயமில்லை. 2016 இல் ஹொக்கிச் சாதனையாளர்களுக்கான புகழ் மண்டபத்திலும் சேர்த்தார்கள். ஆனாலும் அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் ஆடாமல் போன ஆட்டங்கள்தான் எனக்குக் கண்ணில் படும்.

இதற்குப் பக்கத்தில் சிட்னி கிராஸ்பியை வைத்துப் பாருங்கள். 2011 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு அடி. அப்போது உலகத்திலேயே சிறந்த வீரர் அவர்தான். அவரைப் பத்து மாதத்துக்கு மேல் வெளியே வைத்தார்கள். நவம்பரில் வந்தார், அறிகுறி திரும்பியது, திரும்பவும் மாதக் கணக்கில் வெளியே. ரசிகர்கள் பொறுமையிழந்தார்கள். பிறகு 2016, 2017 இரண்டு வருடமும் கிண்ணத்தைத் தூக்கினார். பொறுத்திருந்ததால் அவருக்கு எதுவும் குறைந்துபோகவில்லை.

என்.எச்.எல். இதைப் படிக்க எடுத்த காலமும் அதற்கு வீரர்கள் கொடுத்த விலையும் பெரிது. சண்டை பிடிப்பதற்கென்றே அணியில் வைக்கப்பட்டிருந்த டெரெக் பூகார்ட் 2011 இல் 28 வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது, பல காலம் அடி வாங்கியவர்களுக்கு வரும் சிதைவு தெரிந்தது. அதே வருடம்தான், தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வரும் வீரரை உடனே வெளியே எடுத்து, சத்தமில்லாத அறையில் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. இப்போது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவே தனி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே எடுக்கச் சொன்னால் பயிற்றுநர் மறுக்க முடியாது.

அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் இதே கவனம்தான். அக்காவின் மகன் போன குளிர்காலத்தில் பலகையில் மோதி விழுந்தான். அழுது சண்டை பிடித்தும் அவனைத் திரும்ப இறக்கவில்லை. மருத்துவரின் கடிதம் இல்லாமல் பயிற்சிக்குக்கூட எடுக்கவில்லை. முதலில் மெல்ல நடை, பிறகு தனிய ஓட்டம், பிறகு இடிபடாத பயிற்சி, கடைசியாகத்தான் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். இடையில் தலையிடி வந்தால் ஒரு படி கீழே. ஒன்ராறியோவில் இதற்குச் சட்டமே இருக்கிறது, 2018 இல் வந்தது. ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி பாடசாலை ரக்பி ஆட்டங்களில் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து அடிபட்டு 2013 இல் இறந்த பிறகு வந்த சட்டம். தனக்கு என்னவோ செய்கிறது என்று அந்தப் பிள்ளை தோழிகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் சொல்லவில்லை. அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் லின்ட்ரோஸும் ஒருவர்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். என் மகன் கோர்னர் பந்துக்கு எழும்பியபோது இன்னொரு பிள்ளையோடு மண்டை மோதி விழுந்தான். போத்தல் தண்ணியைத் தலையில் ஊற்றினார்கள், நெற்றியில் சித்தாலேப பூசினார்கள், "இது எத்தனை விரல்?" என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னான். திரும்ப இறக்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் "ஆட்டம் எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டான், பதில் சொன்னேன், கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பக் கேட்டான். இரவு சத்தி எடுத்தான். பக்கத்து வீட்டு அம்மா வெயில் அடித்திருக்கும் என்று தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தந்தா. நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் கன்கஷன் ஸ்கேனில் தெரிவதில்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தி, விளையாட்டை நிறுத்தச் சொன்னார். இப்போது நன்றாக இருக்கிறான். பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஆசிரியர் பிள்ளைகளுக்காகச் சொந்தக் காசில் பந்து வாங்குகிற மனிதர். அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நம் இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மைதானம் இறுகிக் கல்லாகக் கிடக்கும். விழுகிற தலைக்கு அடி பலமாகப் படும். அப்புறம் தலைச்சுற்று, ஓங்காளம், தலையிடி, குழப்பம் எது வந்தாலும் வெயிலின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். இரண்டுக்கும் அறிகுறி ஒன்று போலவே இருப்பதால் விழுந்ததை யார் பார்த்தார்கள் என்பதே முக்கியம். எல்லே அடி, கடினப் பந்து, கபடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இதற்குக் காசு வேண்டாம். தலைக்கவசம் வாங்கச் சொல்லவில்லை, கவசம் மண்டை ஓடு உடைவதைத்தான் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஒவ்வொரு ஆட்டத்திலும் கோட்டோரத்தில் ஒருவர் நிற்கட்டும். அணிப் பயிற்றுநர் வேண்டாம், வெல்ல வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருக்கும். முதலுதவி படித்த ஆசிரியரோ கழகத்து மூத்தவரோ போதும். அவர் கை காட்டினால் மத்தியஸ்தர் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டும். அன்றைக்கே பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், விடுதிப் பிள்ளை என்றால் விடுதிப் பொறுப்பாளருக்கு. திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு, இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும் வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்கு. மருத்துவர் எழுதித் தரும் வரை விளையாட்டு இல்லை.

கிண்ணியா, மூதூர், நிலாவெளி, நகரம் என்று எல்லாரும் ஒரே விதிக்கு வந்தால்தான் இது நடக்கும். ஒரு அணி மட்டும் கடைப்பிடித்தால் அது ஒரு ஆள் குறைந்து தோற்கும், அடுத்த ஆட்டத்தில் விதியையும் கைவிடும். அதனால் மாற்று வீரர்கள் முடிந்துபோனாலும் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்க அனுமதியுங்கள்.

அடுத்த வலயமட்டப் போட்டிகளுக்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள். அக்காவின் மகனுடைய கழகம் கொடுத்த படிவத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். கேட்கிற எல்லாருக்கும் பிரதி எடுத்துத் தருகிறேன். மாவட்ட வைத்தியர் ஒருவர் அதைப் பார்த்துத் திருத்தித் தந்தால் இன்னும் நல்லது. எந்த நாள், எந்த இடம் என்று மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு தகப்பன்