திருப்பத்தைத் திரையிலேயே பார்க்க விடுங்கள்

படம் பார்த்துவிட்டு யூடியூபில் விமர்சனம் சொல்லும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருடைய பேச்சை நான் தொடர்ந்து கேட்பவள். பெரிய நடிகர் இல்லாத, போஸ்டர்கூட சரியாக ஒட்டாத பல படங்களுக்கு நீங்கள் சொல்லித்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன். ஒரு படத்தின் முக்கியமான திருப்பத்தை, அது வெளியான வாரத்திலேயே தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் போட்டு உடைக்காதீர்கள்.

"நாங்கள் எங்கே கதையைச் சொன்னோம்?" என்று கேட்பீர்கள். வாயால் சொல்வதில்லை, சரி. நடப்பது இதுதான். ஒரு கொலைப் படம். ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு முன்பதிவு செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு கைபேசியைத் திறந்தால், அந்தப் படத்தில் நடித்த ஒரு துணை நடிகரின் முகம். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் "இவரா இப்படி?". அந்த வீடியோவை நான் தொடவே இல்லை. ஆனாலும் படத்தில் அந்த மனிதர் டீ கிளாஸோடு ஓர் ஓரத்தில் வந்து நின்ற முதல் நொடியிலிருந்து என் கண் அவரை விட்டு நகரவில்லை. நம் பார்வை அவரைத் தாண்டிப் போகவேண்டும் என்றுதான் இயக்குநர் அவரை ஒவ்வொரு காட்சியிலும் கூட்டத்தின் ஓரத்திலேயே நிறுத்தியிருந்தார். மற்றவர்கள் மேல் சந்தேகம் வரும்படி எழுதியிருந்த காட்சிகள் எல்லாம் எனக்கு வெறுமனே ஓடின. கடைசியில் முகமூடி கழன்றபோது அரங்கமே "ஐயோ" என்றது. நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

"கடைசி இருபது நிமிஷம் சீட் நுனியில் உட்கார வைக்கும்", "இடைவேளைக்கு முன்னாடி ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க" என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். அதைக் கேட்டுவிட்டுப் போகிறவர் படம் பார்ப்பதில்லை, கடிகாரம் பார்க்கிறார். நடுவில் வரும் நல்ல காட்சிகளெல்லாம் அவருக்கு வழியில் வரும் ஸ்டேஷன்கள் ஆகிவிடுகின்றன.

எதிர்பாராமல் வருவதற்கும் எதிர்பார்த்து வருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை 2022 ஜூனில் 'விக்ரம்' ஓடிய அரங்குகளிலேயே பார்த்தோம். சூர்யா வரப்போகிறார் என்பதைப் படக்குழு முன்கூட்டியே சொல்லியிருந்தது. அவர் வந்தபோது விசில் பறந்தது, உண்மைதான். ஆனால் அது டிக்கெட் எடுக்கும்போதே தயாராக வைத்திருந்த விசில். அதே படத்தில், விளம்பரத்தில் யாரும் மூச்சுவிடாத வேறொரு காட்சி உண்டு. பார்த்தவர்களுக்கு எந்தக் காட்சி என்று தெரியும், பார்க்காதவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அந்த இடத்தில் ஒரு நொடி அரங்கம் அப்படியே நின்றது. என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டிய பிறகுதான் சத்தம் வந்தது. அந்த ஒரு நொடி முன்பே தெரிந்தவர்களுக்குக் கிடைக்காது.

திருப்பத்தைத் தொடாமல் ஒரு படத்தைப் பற்றி என்னதான் பேசுவது? நிறையப் பேசலாம். 2024 ஜூனில் வந்த 'மகாராஜா'வை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் கட்டோடு ஒரு முடிதிருத்துநர் காவல் நிலையத்துக்கு வந்து "லட்சுமியைக் காணவில்லை" என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி. போலீஸ்காரர்கள் கேலி செய்கிறார்கள், அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள். அவர் நகரமாட்டேன் என்று நிற்கிறார். நாமும் போலீஸோடு சேர்ந்து சிரிக்கிறோம். இயக்குநர் நித்திலன் சுவாமிநாதன் நம்மை அப்படிச் சிரிக்க வைத்துவிட்டு, பின்னால் அந்தச் சிரிப்புக்காகவே நம்மைக் கூச வைக்கிறார். விஜய் சேதுபதி அந்தக் காட்சிகளில் முகத்தை எவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறார், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே தாழ்கிறது என்று பத்து நிமிடம் பேசலாம். கதை ஒரு துளிகூட வெளியே சிந்தாது. கேட்கிறவர் நிச்சயம் டிக்கெட் எடுப்பார்.

பழைய படங்களுக்கும் இது பொருந்தும் என்பேன். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வந்தது. ஒரு பாட்டுகூட இல்லாத தமிழ்ப் படம் அந்தக் காலத்தில்! எடுத்த எடுப்பிலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்து விழுகிறார். யார் சுட்டது என்பதுதான் மீதிப் படம். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரை ஒட்டி நடக்கும் கதை. வீட்டில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக வாக்குமூலம் சொல்லச் சொல்ல, செத்துப்போன ஆளே வேறு வேறு ஆளாகத் தெரிகிறான். யார் சுட்டது என்று சொல்லாமலேயே இவ்வளவும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். 'எங்கே நிம்மதி' பாட்டை மீம்களில் பார்த்துப் பார்த்து, சிவாஜி என்றாலே மிகைநடிப்பு என்று முடிவு கட்டியிருந்தாள். போன பொங்கல் விடுமுறையில் அவளை உட்காரவைத்து 'புதிய பறவை'யைப் போட்டேன். 1964ஆம் வருடத்துப் படம். முதல் அரை மணி நேரம் கைபேசியும் கையுமாக இருந்தாள். சௌகார் ஜானகி வரும் பகுதியில் கைபேசி கவிழ்ந்தது. "சித்தி, இந்தப் பொண்ணு யாரு, சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினாள். நான் வாயைத் திறக்கவில்லை. கிளைமாக்ஸ் முடிந்ததும் அவள் செய்த முதல் காரியம், படத்தைத் திரும்ப ஆரம்பத்துக்குத் தள்ளிக் கப்பல் காட்சிகளை மறுபடி பார்த்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் "அடப்பாவி, இது இப்போதான் புரியுது!" என்றாள். தாதா மிராசி அந்தப் படத்தை எடுத்தபோது பிறந்தேயிராத ஒரு பெண்ணுக்கு, அது இன்றைக்கு ரிலீஸான படமாகவே இருந்தது.

அறுபது வருடப் படத்துக்கே இப்படி என்றால், நேற்று வந்த சின்னப் படத்தின் நிலையை யோசியுங்கள். பெரிய நடிகர் படத்தில் முடிவு தெரிந்தாலும் பாட்டு, சண்டை, ரசிகர் கூட்டம் என்று பார்க்க ஏதாவது இருக்கும். 2012இல் 'பீட்சா', 2016 டிசம்பரில் 'துருவங்கள் பதினாறு' மாதிரிப் படங்களுக்குக் கதை சொன்ன விதம்தான் ஹீரோ. கார்த்திக் சுப்பராஜுக்கும் கார்த்திக் நரேனுக்கும் அவை முதல் படங்கள். பார்த்தவர்கள் "போய்ப் பார், வேற எதுவும் கேட்காதே" என்று அடுத்தவரை அனுப்பி வைத்ததால் ஓடிய படங்கள் என்றே நான் நம்புகிறேன்.

முடிவு தெரிந்தால் ரசனை குறையாது என்று ஓர் ஆராய்ச்சியைச் சிலர் காட்டுவார்கள். 2011இல் கலிஃபோர்னியாவில் 12 சிறுகதைகளை வைத்துச் செய்தது. முடிவை முன்பே அறிந்தவர்கள் பெரும்பாலான கதைகளைக் கூடுதலாகவே ரசித்தார்களாம். இருக்கட்டும். நம் ஊர்க் கூத்துக்கு இது புதிய செய்தி இல்லை. துரியோதனன் சாவான் என்று தெரிந்துதானே சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. தெரிந்த கதையின் சுகம் பெரிய சுகம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் இரண்டாம் முறை, ஐந்தாம் முறை பார்க்கும்போதும் கிடைக்கும். தெரியாமல் பார்ப்பது ஒரே ஒரு தரம்தான். அதை விட்டுக்கொடுக்கலாமா என்று முடிவு செய்யவேண்டியவர் டிக்கெட் எடுத்தவர்.

இதைச் சொல்வதால் உங்களை அரங்குப் பக்கமே விடக்கூடாது என்பவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து அப்படி ஒரு கோரிக்கை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காசு கொடுத்துப் பார்த்தவர் படம் மோசம் என்றால் மோசம் என்று சொல்லத்தான் வேண்டும். திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். திருப்பம் சொதப்பல் என்றால் அதையும் சொல்லுங்கள், எது என்று காட்டாமல்.

நான் கேட்பது இவ்வளவுதான். கொலைப் படம், மர்மப் படம் என்றால் தம்ப்நெயிலில் போஸ்டரில் உள்ள படத்தையே வையுங்கள். வட்டமும் அம்புக்குறியும் வேண்டாம். முடிவை விளக்கும் வீடியோவை, படம் ஓடிடிக்கு வந்து ஒரு வாரம் போன பிறகு போடுங்கள். 'மகாராஜா' நான்கே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிட்டது, அதனால் இது ஒன்றும் நெடுங்காலம் இல்லை. கைக்குழந்தை உள்ளவர்கள், இரவு வேலை பார்ப்பவர்கள், பக்கத்தில் தியேட்டரே இல்லாத ஊர்க்காரர்கள் எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். அப்புறம், வழக்கமான விமர்சனத்திலேயே கதைக்குள் போக ஆசைப்பட்டால், எந்த நிமிடத்திலிருந்து போகிறீர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த நிமிடம் வரை கேட்டு நிறுத்திக்கொள்கிறேன். படம் பார்த்துவிட்டு அன்றிரவே மீதியைக் கேட்க வருவேன். நீங்கள் கவனித்த எந்தத் துப்பை நான் கோட்டைவிட்டேன் என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
முதல் வாரமே டிக்கெட் எடுக்கும் ஒரு ரசிகை