ஆசிரியருக்குக் கடிதம்: ஷெஃபீல்டு எஃப்.சி. உதிரிக் கிளப் இல்லைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் வந்த உங்க விளையாட்டுச் சிறப்பிதழ்ல கால்பந்து பிறந்த கதைன்னு ஆறு பக்கத்துக்கு ஒரு கட்டுரை. அதுல அஞ்சாவது பக்கத்துல கட்டம் கட்டி ஒரு வரி போட்டிருந்தீங்க: "உலகின் மிகப் பழைய கிளப்பான ஷெஃபீல்டு எஃப்.சி. இன்று வரலாற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத உதிரிக் கிளப்." அந்த ஒரு வரிதான் ஐயா. படிச்சு மூணு வாரம் ஆகுது, மனசு இன்னும் ஆறல. நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ல உக்காந்தா அதுவே திரும்பத் திரும்ப ஓடுது. நான் 2005லேர்ந்து இங்கிலாந்துல இந்த ஷெஃபீல்டு ஊர்லதான் இருக்கேன், ஆஸ்பத்திரியில வேலை, சனிக்கிழமை லீவு கிடைச்சா அந்தக் கிளப் மேட்ச்சுக்குத்தான் போவேன். அதனால எழுதாம இருக்க முடியல.

மொதல்ல அந்தப் படம். கட்டத்துக்குப் பக்கத்துல நீங்க போட்டிருக்கறது பிராமல் லேன் ஸ்டேடியம். அது ஷெஃபீல்டு யுனைடெட்டோட கிரவுண்டுங்க. யுனைடெட் ஆரம்பிச்சது 1889, ஷெஃபீல்டு வெட்னஸ்டே 1867, ஷெஃபீல்டு எஃப்.சி. 1857 அக்டோபர் 24. மூணும் வேற வேற கிளப். நீங்க இவ்வளவு வருஷமா விளையாட்டுப் பக்கம் நடத்துறவங்க, உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா இது ரெண்டாவது தடவை. 2017ல கிளப்புக்கு 160 வருஷம் ஆனப்ப நான் ஒரு கடிதம் போட்டேன், நீங்களும் பெரிய மனசு பண்ணி பிரசுரிச்சீங்க, ஆனா நான் "ஷெஃபீல்டு எஃப்.சி."ன்னு எழுதினதையெல்லாம் "ஷெஃபீல்டு யுனைடெட்"னு மாத்தி, அடியில என் பேரையும் போட்டு வந்துச்சு. இங்க என்கூட வேலை செய்யற தமிழ்ப் பசங்க அதைக் காட்டிக் காட்டிக் கேட்டாங்க. திருத்தம் போடச் சொல்லி ரெண்டு மெயில் அனுப்பினேன். பதில் இல்ல. அதை அன்னிக்கே விட்டுட்டேன்னு நெனச்சேன், விடலேன்னு இந்த மாசம்தான் தெரிஞ்சுது.

கட்டுரையோட தொடக்கத்துலயே 1863ல லண்டன் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன்ல கால்பந்து பிறந்துச்சுன்னு இருக்கு. அங்க அக்டோபர் 26ஆம் தேதி பிறந்தது எஃப்.ஏ.ங்கற இங்கிலாந்து கால்பந்துச் சங்கம். அதுக்கு ஆறு வருஷம் ரெண்டு நாள் முன்னாடியே இந்த ஊர்ல கிளப் இருந்துச்சு ஐயா. நத்தானியல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட்னு ரெண்டு பேர், ஒருத்தர் வக்கீல், இன்னொருத்தர் ஒயின் வியாபாரி, ரெண்டு பேரும் கிரிக்கெட் ஆடறவங்க, குளிர்காலத்துல உடம்பை எப்படித் தெம்பா வெச்சுக்கறதுன்னு யோசிச்சு ஆரம்பிச்சது. மொதல் ஆபீஸ் ஒரு வீட்டுத் தோட்டத்துல செடி வளக்கிற கண்ணாடிக் கொட்டகை. எதிர்த்து ஆட இன்னொரு கிளப் இல்ல, அதனால கல்யாணம் ஆனவங்க ஒரு பக்கம் ஆகாதவங்க ஒரு பக்கம்னு தங்களுக்குள்ளயே பிரிஞ்சு ஆடியிருக்காங்க.

1858ல ரூல்ஸ் எழுதினாங்க. கையால தள்ளலாம், ஆனா ஆளை உதைக்கறதும் காலை வாரி விடறதும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. ஒவ்வொரு ஆட்டக்காரனும் செவப்புல ஒண்ணு கருநீலத்துல ஒண்ணு ஃபிளானல் தொப்பி கொண்டு வரணும், ஒரு பக்கத்துக்கு ஒரு கலர். அந்தத் தொப்பி ரூலை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அலுக்காது. லண்டன்ல கூடினவங்க பந்தைக் கையில எடுத்துட்டு ஓடலாமா, எதிராளி காலை உதைக்கலாமான்னு வாக்குவாதம் பண்ணிட்டிருந்தப்ப இங்கேர்ந்து செக்ரட்டரி வில்லியம் செஸ்டர்மேன் கடிதம் எழுதினார், அதெல்லாம் கால்பந்துக்கே விரோதம், உதைக்கறது மல்யுத்தம் மாதிரி இருக்குன்னு. எஃப்.ஏ.ல சேந்தாங்க, ஆனா 1877 வரைக்கும் இந்த ஊருக்குன்னு தனி ரூல்ஸ்தான். நாம இன்னிக்கு டிவியில கார்னர் கிக்குக்கு எழுந்து நிக்கிறோமே, அது ஷெஃபீல்டுல 1868லயே இருந்துச்சு, எஃப்.ஏ. எடுத்துக்கிட்டது 1872ல. இதுல ஒரு வரிகூட உங்க ஆறு பக்கத்துல இல்ல. டேவிட் பெக்காமோட ஹேர்ஸ்டைலுக்கு அரைப் பக்கம் இருந்துச்சு.

பிராமல் லேன்ல இவங்களும் ஆடியிருக்காங்களேன்னு உங்க உதவி ஆசிரியர் சொல்லக்கூடும். ஆடினாங்க, 1862 டிசம்பர் 29, ஹாலம் கிளப்போட. அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்து பஞ்சு வராம லங்காஷயர் மில் தொழிலாளிங்க பட்டினி கிடந்தப்ப அவங்களுக்கு நிதி திரட்ட வெச்ச மேட்ச் அது. நல்ல காரியத்துக்கு ஆடப் போயி அடிதடி ஆயிடுச்சு, கிரெஸ்விக்கை எதிர் டீம் ஆள் ஒருத்தர் அடிச்சுட்டார், கடைசியில அந்த ஆளை கோல் பக்கமா போய் நில்லுன்னு அனுப்பினாங்க. ஹாலம் 1860ல தொடங்கினது, அவங்க சாண்டிகேட் கிரவுண்டுல அதே வருஷம் கிறிஸ்மஸுக்கு மறுநாள் இந்த ரெண்டு கிளப்பும் மொதல் மேட்ச் ஆடினாங்க, ஷெஃபீல்டு 2-0ல ஜெயிச்சுது. சாண்டிகேட்ல இன்னிக்கும் கால்பந்து நடக்குது. கிரவுண்டு ஒரே சரிவு, மேலேர்ந்து பந்தை விட்டா தானா உருண்டு வரும். நான் என் பொண்ணைத் தோள்ல தூக்கிட்டு அங்க மழையில நின்னிருக்கேன்.

சரி, உதிரிங்கற வார்த்தைக்கு வரேன். இவ்வளவு பழைய கிளப் ஏன் இவ்வளவு சின்னதா இருக்குன்னு கட்டுரை எழுதினவர் ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அந்த வார்த்தை வந்திருக்காது. 1885ல ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் குடுக்கலாம்னு எஃப்.ஏ. ஒத்துக்கிச்சு. வெட்னஸ்டே 1887ல அந்தப் பக்கம் போயிடுச்சு, கூட்டமும் அவங்க பின்னாடியே போயிடுச்சு. ஷெஃபீல்டு எஃப்.சி. போகல. காசுக்கு ஆட மாட்டோம்னு நின்னாங்க. அமெச்சூர் கிளப்களுக்குன்னு இருந்த கோப்பையை 1904ல ஈலிங்கைத் தோக்கடிச்சு வாங்கினாங்க. 1977ல வெம்ப்ளியில, சின்னக் கிளப்களுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பை ஃபைனல் ஆடி டிரா பண்ணி, மறுபடி வெச்ச மேட்ச்சுல பில்லெரிக்கே கிளப்கிட்ட தோத்தாங்க. சொந்தமா ஒரு கிரவுண்டு கிடைக்கவே 144 வருஷம் ஆச்சு. அது வரைக்கும் இன்னொருத்தர் இடத்துலதான், 25,000 பேர் உக்கார்ற டான் வேலி ஸ்டேடியத்துலகூட சில நூறு பேரை வெச்சுக்கிட்டு ஆடியிருக்காங்க. 2001ல கிடைச்ச கிரவுண்டும் ஷெஃபீல்டுக்குள்ள இல்ல, டெர்பிஷயர் எல்லைக்குள்ள டிரான்ஃபீல்டுல, கோச் அண்ட் ஹார்சஸ்ங்கற பப்புக்குப் பக்கத்துல. ஊர் பேரை வெச்சிருக்கற கிளப்புக்கு ஊருக்குள்ள இடமில்ல. இதுக்கு வருத்தப்படணும் ஐயா, உதிரின்னு சொல்லக் கூடாது.

எனக்கு இதெல்லாம் புஸ்தகத்துல தெரிஞ்சதில்ல. 2005ல வந்த புதுசுல யாரையும் தெரியாது, வார்டுல கூட வேலை பாத்த ஒரு பெரியவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிரான்ஃபீல்டுக்குக் கூட்டிட்டுப் போனார். கம்பிக்குப் பக்கத்துல நின்னு பாக்கலாம், ஆட்டக்காரன் மூச்சு வாங்கறது காதுல விழும். அன்னிக்கு ரைட் பேக் ஆடின பையன் அடுத்த செவ்வாய்க்கிழமை எங்க வீட்டு பாய்லர் ரிப்பேருக்கு வந்து நிக்கிறான், முட்டியில கட்டு. நான் அடையாளம் கண்டு கேட்டதும் வெக்கப்பட்டான், டீ குடிச்சுட்டு, சாயங்காலம் ப்ராக்டிஸ் இருக்குன்னு அவசரமா கிளம்பினான். செமி புரொஃபஷனல்னா இதுதாங்க, பகல்ல ஒரு பொழப்பு, ராத்திரி லைட் போட்டுப் பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். உங்க கட்டுரையில இதை "பகுதி நேரப் பொழுதுபோக்கு"ன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பையனோட முட்டியை நீங்க பாத்திருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டீங்க.

2007ல 150ஆவது வருஷத்துக்கு இன்டர் மிலான் வந்து ஆடுச்சு, பீலே வந்திருந்தார். 5-2ல தோத்தோம். இத்தாலியச் சாம்பியனுக்கு எதிரா ரெண்டு கோல் போட்டப்ப எழுந்த சத்தத்தை நான் உள்ள உக்காந்து கேட்டேன். அதுக்கு முன்னாடியே 2004ல உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா, ஆர்டர் ஆஃப் மெரிட்ங்கற பெரிய விருதைக் குடுத்தாங்க, கிளப்னு பாத்தா ரியல் மாட்ரிட்டுக்கும் இவங்களுக்கும்தான்.

அப்புறம் 2011. கையில இருந்த அந்தப் பழைய ரூல்ஸ் ஏடுகளையும் கையெழுத்துக் காகிதங்களையும் சோத்பிஸ்ங்கற ஏலக் கம்பெனி மூலமா ஏலத்துல குடுத்துட்டாங்க, 8,81,250 பவுண்டுக்குப் போச்சு. கிளப்பை நிமித்தப் பணம் வேணும், வேற வழி இல்ல. அம்மா கழுத்து நகையை வித்து வீட்டுக்கு அஸ்திவாரம் போடற குடும்பம் நம்ம பக்கத்துல எத்தனை, எங்க வீடே அப்படி எழும்பினதுதான். நான் அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. வரலாற்றைத் தவிர வேற எதுவும் இல்லன்னு எழுதியிருக்கீங்களே ஐயா, அந்த வரலாறு எழுதின காகிதத்தையே வித்துட்டு அப்புறமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினோரு பேரை இறக்கிட்டு இருக்காங்க.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல நாலு வரித் திருத்தம் போடுங்க: படத்துல இருக்கறது யுனைடெட் கிரவுண்டுன்னும், கிளப் ஆரம்பிச்ச தேதி 1857 அக்டோபர் 24ன்னும், உதிரிங்கற வார்த்தையை வாபஸ் வாங்கறதாவும். டிரான்ஃபீல்டு கிரவுண்டை நானே எடுத்த போட்டோ ஒண்ணு இதோட அனுப்பியிருக்கேன், பணம் எதுவும் வேணாம், என் பேரும் போட வேணாம். கிளப் பேரை மட்டும் இந்தத் தடவை மாத்திடாதீங்க.

இப்படிக்கு,
இருபத்திரெண்டு வருஷமா உங்க வாசகன்,
ஷெஃபீல்டு.